ஆடலரங்கை மக்களே நடத்தலாம்: பங்குபற்றுவோரின் அமர்வுகள் பற்றி ஒரு விளக்கம்

இடம்பெயர்ந்த எமது மக்களுக்குக் கூட்டங்கள் புதியவை அல்ல. முகாமில் இருந்த நாட்களிலும் சரி, ஊர் திரும்பிய பின்னரும் சரி, பட்டறை, கருத்தரங்கு, விழிப்புணர்வு, பயிற்சி என்று பல பெயர்களில் அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. பாய் விரிக்கப்படும்; பெயர் எழுதிக் கையொப்பம் இடுவோம்; வெளியிலிருந்து வந்த வளவாளர் பேசுவார்; மதியம் சோற்றுப் பொதி வரும்; படம் எடுத்த பின் வீடு திரும்புவோம். இக்கூட்டங்களில் பயனுள்ள செய்திகளும் கிடைத்திருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எதைப் பேசுவது, எப்போது தொடங்குவது, யார் கற்பிப்பது ஆகிய மூன்றையும் பெரும்பாலும் வேறொருவரே தீர்மானித்து வந்திருக்கிறார்.

இதற்கு மாறான ஒரு முறையும் உண்டு. கூடியிருப்போரே அன்றைய நிகழ்ச்சியைத் தாமே வகுத்து, தாமே அமர்வுகளை நடத்தும் முறை அது. உலகின் பல இடங்களில் ஆடல் ஒன்றுகூடல்கள் இவ்வாறு நடைபெறுகின்றன. எமது நாட்டிலும் இதற்கு நெருங்கிய முயற்சிகள் நடந்துள்ளன. முசலிப் பகுதியின் கமக்காரக் குடும்பங்களுக்கு இம்முறை எவ்வாறு உதவக்கூடும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆக்க நடனம் என்பது யாது?

நடனம் என்றதும் சலங்கையும் மேடையும் பல ஆண்டுப் பயிற்சியும் எமது நினைவுக்கு வருகின்றன. பரதநாட்டியம் பயில விரும்பும் பிள்ளை, ஆசிரியர் காட்டும் அடவுகளை அப்படியே செய்து பழக வேண்டும். அது ஒரு சிறந்த கலை. அதற்குரிய ஒழுங்கும் அதற்கு உண்டு. ஆக்க நடனம் என்பது வேறு வகை. அதில் முன்கூட்டியே வகுத்த அடவுகள் இல்லை. ஆடுபவர் தம் உடலில் ஏற்கனவே உள்ள அசைவுகளிலிருந்து ஆடலை உருவாக்குகிறார். பார்வையாளருக்குக் காட்டுவது அதன் முதல் நோக்கமும் அல்ல.

இவ்வகை நடனத்திற்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர் ஹங்கேரியில் பிறந்த றுடோல்ஃப் லாபன் (1879–1958). மனித அசைவு எதுவாயினும் அதை நான்கு வழிகளில் நோக்கலாம் என்று அவர் கூறினார். அசைவு எந்தத் திசையில் செல்கிறது? எவ்வளவு பாரத்துடன் செய்யப்படுகிறது? விரைவானதா, மெதுவானதா? தடையின்றி ஓடுகிறதா, பிடித்து நிறுத்தப்படுகிறதா? அவரிடம் பயின்ற ஜேர்மனியப் பெண்மணி மேரி விக்மன். விக்மனின் பள்ளியில் 1930களின் தொடக்கத்தில் கற்றுத் திரும்பிய அமெரிக்கர் பார்பரா மெட்லர் (1907–2002). நடனம் எல்லா மனிதருக்கும் உரியது, திறமைசாலிகளுக்கு மட்டும் உரியதல்ல என்பதை மெட்லர் தம் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். பலர் கூடி, ஒருவர் அசைவை மற்றவர் கவனித்து, அந்த இடத்திலேயே ஆடலை உருவாக்கும் குழு முறையை அவர் வளர்த்தெடுத்தார்.

லாபனின் நான்கு கேள்விகளும் பெரிய கல்வி போலத் தோன்றலாம். ஆனால் சுளகு பிடித்த எந்தத் தாயும் இவற்றை அறிவார். நெல்லைப் புடைக்கும்போது சுளகு மேலே எழுவது விரைவாக, இறங்குவது மெதுவாக. பதரைத் தள்ளும்போது மணிக்கட்டு ஒரு பக்கம் திரும்பும். காற்று வீசும் பக்கம் அறிந்து உடல் நிற்கும். மண்வெட்டியால் வரம்பு கட்டுபவரின் அசைவில் பாரம் கூடும். நாற்று நடுபவரின் அசைவில் பாரம் குறைந்து ஒழுங்கு கூடும். வலை இழுப்பவர்கள் பலராக இருந்தும் ஒரே மூச்சில் அசைவார்கள். வேலை செய்து வாழ்ந்த உடலில் ஆடலுக்கான மூலப்பொருள் நிறைந்திருக்கிறது.

அமர்வை நடத்துவது யார்?

பங்குபற்றுவோரே நடத்தும் கூட்டத்திற்கு ஒரு தெளிவான வடிவத்தை வகுத்தவர் அமெரிக்கரான ஹரிசன் ஓவன். 1983இல் அவர் ஒரு பெரிய மாநாட்டை நடத்தினார். ஏற்பாட்டுக்கு ஒரு வருடம் சென்றது. மாநாடு முடிந்ததும், தேநீர் இடைவேளையே மிகப் பயனுள்ளதாக இருந்தது என்று வந்தவர்கள் கூறினார்கள். ஏற்பாட்டாளர் எதையும் ஒழுங்கு செய்யாத நேரம் அது ஒன்றுதான். இது அவரைச் சிந்திக்க வைத்தது.

முன்னர் அவர் மேற்கு ஆபிரிக்காவின் லைபீரியாவில் ஒரு கிராமத்தில் நடந்த சடங்கைப் பார்த்திருந்தார். சிறுவர்கள் வளர்ந்தோராக ஏற்றுக்கொள்ளப்படும் சடங்கு அது. நான்கு நாட்கள் நடந்த அவ்விழாவில் ஏறத்தாழ 500 பேர் கலந்துகொண்டனர். ஏற்பாட்டுக் குழு என்று எதுவும் அவர் கண்ணுக்குத் தென்படவில்லை. ஆடலும் பாடலும் உணவும் ஒழுங்காக நடந்தன. மக்கள் வட்டமாகக் கூடினார்கள். சந்தையில் போல் ஒருவரை ஒருவர் தேடிச் சென்றார்கள். மேளத்தின் தாளத்தோடு சேர்ந்து மூச்சு விட்டார்கள். இந்த அனுபவத்தைக் கொண்டு 1985இல் கலிபோர்னியாவின் மொன்டரே என்னும் இடத்தில் முதற்கூட்டத்தை நடத்தினார். இதற்குத் திறந்த வெளி முறை என்று பெயர்.

முறை மிக எளிது. எல்லோரும் வட்டமாக அமர்வார்கள். சுவரில் ஒரு வெறும் பலகை இருக்கும். அதில் நேரமும் இடமும் மட்டும் கட்டங்களாக வரையப்பட்டிருக்கும். யாருக்காவது ஒன்றை நடத்த விருப்பம் இருந்தால், வட்டத்தின் நடுவே வந்து, தாளில் அதன் பெயரை எழுதி, எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, பலகையில் ஒட்டுவார். பலகை நிறைந்ததும் அதுவே அன்றைய நிகழ்ச்சி நிரல். பின்னர் ஒவ்வொருவரும் தாம் விரும்பிய அமர்வுக்குச் செல்வார்கள்.

இம்முறைக்கு நான்கு நெறிகளும் ஒரு விதியும் உண்டு. வந்திருப்பவர்களே வரவேண்டியவர்கள். நடப்பதை நடந்தபடி ஏற்றுக்கொள்வோம். தொடங்கும் நேரமே சரியான நேரம். முடிந்தது என்றால் முடிந்தது. இவை நெறிகள். விதிக்கு “இரு கால் விதி” என்று பெயர். ஓர் அமர்வில் நீங்கள் எதையும் பெறவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்று உணர்ந்தால், உங்கள் இரண்டு கால்களையும் பயன்படுத்தி வேறோர் அமர்வுக்குச் செல்லலாம். அது அவமரியாதை ஆகாது.

இந்த விதியை முசலி மக்கள் வாசிக்கும்போது அதற்கு வேறொரு பொருளும் தோன்றும். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் வீடு வாசலை விட்டுச் சென்றனர். முசலிக் குடும்பங்களில் மிகப் பலர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் குடியேறினர். அதே காலத்தில் போரினால் விரட்டப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் மடுத் தேவாலய வளவிலும் பிற இடங்களிலும் அடைக்கலம் தேடின. 2007 செப்டெம்பரில் சிலாவத்துறைப் பகுதியை இராணுவம் கைப்பற்றிய போது முள்ளிக்குளம் மக்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவ்வூரில் பின்னர் கடற்படை முகாம் அமைந்தது. அம்மக்கள் மலங்காட்டிலும் காயக்குழியிலும் வாழ வேண்டியதாயிற்று. 2017இல் காணியின் ஒரு பகுதியை விடுவிப்பதாக அறிவிப்பு வந்தது.

இத்தனை நடைகளிலும் எமது கால்கள் எங்கே செல்வது என்பதை நாம் தீர்மானிக்கவில்லை. ஆகவே, “விரும்பினால் எழுந்து செல்லலாம், விரும்பினால் இருக்கலாம், விரும்பினால் நீங்களே நடத்தலாம்” என்று ஒரு கூட்டம் சொல்வது சிறிய காரியம் போலத் தோன்றினாலும் சிறிய காரியம் அல்ல.

எமது நாட்டில் நடந்தவை

மக்களே நடத்தும் ஆடல் என்பது எமக்கு இறக்குமதிச் சரக்கு அல்ல. மன்னாரின் கத்தோலிக்க ஊர்களில் புனிதர் திருநாளையொட்டி நேர்த்தியாக ஆடப்பட்ட நாடகங்களும் வாசாப்புகளும் இதற்குச் சான்று. யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு என்று இங்கே இரு வகைகள் வழங்கி வந்தன. மன்னார் மரபில் ஆட்டத்தை விடப் பாட்டு மேலோங்கி நிற்கும். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் ஆட்டம் மேலோங்கும். எந்த ஊராயினும் அண்ணாவியாரும் நடிகரும் ஒப்பனையாளரும் பந்தல் போடுபவரும் அவ்வூர் உழவரும் மீனவருமே. பல மாதம் இரவில் பழகுவார்கள். செலவை ஊரே பொறுக்கும்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்நாடகங்களைப் பதிப்பித்தும், பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு “கர்ணன் போர்”, “இராவணேசன்” முதலியவற்றை மேடையேற்றியும் கூத்துக்குப் புது மதிப்பைத் தேடித் தந்தார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து நகர மேடைக்கு ஏற்பச் சுருக்கப்பட்டது. கற்றவர் கூத்தை மதிக்கத் தொடங்கியது இம்முயற்சியின் பெரும் பேறு.

2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு சீலாமுனையில் வேறொரு பாதை திறந்தது. கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சி. ஜெயசங்கர் அவ்வூர்க் கூத்தருடன் சேர்ந்து “கூத்து மீளுருவாக்கம்” என்னும் பணியைத் தொடங்கினார். கூத்தை ஊரிலிருந்து பெயர்த்து மேடைக்குக் கொண்டுசெல்லாமல், ஊருக்குள்ளேயே, ஆடும் மக்களைக் கொண்டே அதைக் காலத்திற்கேற்ப மாற்றுவது இதன் நோக்கம். கூத்துப் பிரதியில் பெண்கள் எவ்வாறு காட்டப்படுகிறார்கள், சாதி எவ்வாறு பேசப்படுகிறது என்ற கேள்விகளை அண்ணாவியாரும் ஆடுவோரும் ஊராரும் கூடிப் பேசினார்கள். மாற்றம் வேண்டுமா, வேண்டுமாயின் எவ்வளவு என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். படித்தவர் அங்கே கேள்வி கேட்பவராக இருந்தார். தீர்ப்புச் சொல்பவராக இருக்கவில்லை.

சிறுவர் மத்தியிலும் இவ்வாறான பணி நடந்திருக்கிறது. 1996இல் மட்டக்களப்பில் இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் அங்கே ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். மண்ணில் விளையாடுவதா, படம் வரைவதா, கதை கட்டுவதா, ஆடுவதா என்பதைப் பிள்ளைகளே தெரிவு செய்தார்கள். போரின் நடுவே, ஒருவர் ஊருக்கு மற்றவர் போகத் தயங்கிய காலத்தில் அது நடந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

போரினால் ஏற்படும் மனவடு தனி மனிதரை மட்டுமல்ல, சமூகத்தையும் தாக்குகிறது என்று மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விளக்கியுள்ளார். ஒருவரை ஒருவர் நம்பாமை, மௌனம், பிறர் தருவதை எதிர்பார்த்து இருக்கும் நிலை ஆகியவை அதன் அறிகுறிகள். சடங்கு, விழா, கலை முதலிய கூட்டுச் செயல்கள் இதை ஆற்ற உதவும் என்பதும் அவரது கருத்து. பிறேசில் நாட்டுக் கல்வியாளர் பவுலோ பிறேயர் வங்கியில் பணம் போடுவது போல் மாணவர் மூளையில் அறிவைப் போட்டு வைக்கும் கல்வியைக் கண்டித்தார். இருவரும் வெவ்வேறு துறையினர். ஆயினும் மக்கள் தம் வாழ்வைத் தாமே கையில் எடுக்கும்போதே எழுச்சி பிறக்கிறது என்ற இடத்தில் இருவர் சிந்தனையும் சந்திக்கிறது.

முசலியில் இதன் தேவை என்ன?

2009இல் முசலிக்குக் குடும்பங்கள் திரும்பத் தொடங்கின. காடு மண்டிய வளவுகளைத் துப்புரவு செய்து, குளங்களின் கீழ் வயல்களை மீண்டும் திருத்தினார்கள். ஆனால் 1990இல் கைக்குழந்தையாகப் போனவர் வளர்ந்து திருமணம் முடித்துத் திரும்பினார். புத்தளத்திலேயே பிறந்த பிள்ளைக்கு முசலி என்பது பெற்றோர் வாயிலாகக் கேட்ட கதை மட்டுமே. இன்றும் பல குடும்பங்கள் ஒரு காலை புத்தளத்திலும் மறு காலை முசலியிலும் வைத்து வாழ்கின்றன.

இந்த இடைவெளியில் அழிந்த பொருட்களை நாம் கணக்கெடுத்தோம். வீடு, மாடு, தோணி, உழவு இயந்திரம் என்று படிவங்களை நிரப்பினோம். படிவத்தில் இடம்பெறாதவை சில உண்டு. அருவி வெட்டும்போது வரிசையாக நிற்கும் முறை, சூடு மிதிக்கும்போது மாட்டின் பின்னால் நடக்கும் நடை, பொலி தூற்றும் கை வீச்சு ஆகியன அவற்றுட் சில. அறுவடை இயந்திரம் வந்த பின் இவ்வேலைகளுக்குத் தேவை குறைந்துவிட்டது. அதை எவரும் குறை சொல்ல முடியாது. உடல் உழைப்பின் பாரம் குறைவது நல்லதே. ஆனால் இவ்வசைவுகளை அறிந்தவர்கள் இப்போது முதியவர்கள். இவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் காட்டாவிட்டால் அவர்களோடு போய்விடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஊர் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை என்று நாம் எண்ணிவிடக் கூடாது. தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்றதும், நெருக்கமான கொட்டில்களுக்கு இடையே விளையாடிய விளையாட்டும் அப்பிள்ளையின் வாழ்வு. முதியவர் மட்டுமே ஆசிரியர் என்றால் அப்பிள்ளை மீண்டும் பாயில் அமர்ந்து கேட்பவராகவே இருப்பார். பங்குபற்றுவோரே நடத்தும் அமர்வில் அவருக்கும் பலகையில் ஒரு கட்டம் உண்டு.

எவ்வாறு நடத்துவது?

ஒரு நாள் ஒன்றுகூடலுக்கான வழிமுறையை இங்கே தருகிறோம். ஊருக்கு ஏற்பக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம்.

1. காலமும் இடமும். காலபோக அறுவடை முடிந்து, சிறுபோக வேலை தொடங்கு முன் ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள். தவக்காலத்தையும் நோன்பு மாதத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள். வெள்ளியும் ஞாயிறும் வேண்டாம். பாடசாலை மண்டபமோ பொதுநோக்கு மண்டபமோ போதும். வெளியே இரண்டு மரநிழல்கள் இருந்தால் ஒரே நேரத்தில் மூன்று அமர்வுகள் நடத்தலாம். தரையில் கல்லும் முள்ளும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. தொகை. நாற்பது பேர் அளவில் வந்தால் முதல் முறைக்கு நன்று. முதியவர், இளையவர், ஆண், பெண், இரு சமயத்தவர் ஆகியோர் கலந்து இருக்குமாறு அழைப்பு விடுங்கள். வந்தவர் தொகை குறைந்தாலும் கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டாம்.

3. முதல் வட்டம். எல்லோரும் ஒரே மட்டத்தில் வட்டமாக அமருங்கள். விருந்தினர் மேசையும் கதிரையும் வேண்டாம். ஒருவர் முறையை விளக்கி இரு கால் விதியைச் சொல்லட்டும். அவரது வேலை அத்துடன் பெரும்பாலும் முடிந்துவிடும். நேரம் பார்ப்பதும் தண்ணீர் தீராமல் கவனிப்பதும் மட்டுமே மிச்சம்.

4. பலகை. பெரிய தாளில் கட்டம் போடுங்கள். காலை இரண்டு வேளை, மாலை ஒரு வேளை, ஒவ்வொரு வேளைக்கும் மூன்று இடம் என்றால் ஒன்பது கட்டங்கள். ஒவ்வோர் அமர்வுக்கும் முக்கால் மணி நேரம். எழுத இயலாதவர் வாயால் சொல்ல, இன்னொருவர் எழுதலாம். முதல் ஐந்து நிமிடம் எவரும் எழும்பாமல் மௌனமாக இருக்கக்கூடும். அஞ்ச வேண்டாம். அந்த மௌனத்தை நடத்துநர் தம் பேச்சால் நிரப்பிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். காத்திருங்கள். ஒருவர் எழுவார், அவரைப் பார்த்து மற்றவர்கள் எழுவார்கள்.

5. அமர்வு. நடத்துபவர் முதலில் ஓர் அசைவைக் காட்டட்டும். எல்லோரும் அதைச் செய்து பார்க்கட்டும். பின்னர் அதை மெதுவாக, விரைவாக, பெரிதாக, சிறிதாக, பாரமாக, இலேசாகச் செய்து பார்க்கலாம். இருவர் இருவராக, நால்வர் நால்வராகச் சேர்ந்து அதைத் தொடுத்தால் ஓர் ஆடல் தானாகவே உருவாகும். தாளத்திற்கு மத்தளம் இல்லாவிட்டால் கைதட்டல் போதும். கவிழ்த்த வாளியும் போதும்.

பலகையில் எவ்வகையான அமர்வுகள் இடம்பெறலாம் என்று கேட்பீர்கள். சில உதாரணங்கள்: சுளகு புடைக்கும் அசைவை ஒரு தாய் நடத்தலாம். அருவி வெட்டு வரிசையை ஒரு முதியவர் காட்டலாம். கரைவலை இழுக்கும் முறையை அரிப்பைச் சேர்ந்த ஒருவர் காட்டலாம். கூத்தில் பழகிய ஒருவர் முதல் இரு தாளக்கட்டுகளைக் கற்பிக்கலாம். சிலம்படியோ களிகம்போ அறிந்த முஸ்லிம் பெரியவர் அதன் காலடி வைப்பை விளக்கலாம். புத்தளத்தில் வளர்ந்த யுவதி முகாம் விளையாட்டொன்றை நடத்தலாம். பாடசாலை மாணவர் கண்ணாடி விளையாட்டை நடத்தலாம். இதில் இருவர் எதிர் எதிரே நின்று, ஒருவர் அசைய மற்றவர் கண்ணாடியில் தெரியும் உருவம் போல் அசைவார். சிறிது நேரத்தில் பங்கு மாறும். பேச்சுத் தேவையில்லாத இவ்விளையாட்டில் ஒருவர் மற்றவரைக் கூர்ந்து கவனித்தே ஆக வேண்டும்.

6. இறுதி வட்டம். மாலையில் எல்லோரும் மீண்டும் வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு வசனம் சொல்லட்டும். சொல்ல விரும்பாதவர் “நான் கடக்கிறேன்” என்று அடுத்தவருக்கு விடலாம். அடுத்த ஒன்றுகூடல் வேண்டுமா, எப்போது, யார் பொறுப்பு என்பதையும் அங்கேயே தீர்மானியுங்கள்.

கவனிக்க வேண்டியவை

ஆடல் என்ற சொல்லே சில குடும்பங்களுக்கு உவப்பானதாக இராது. இஸ்லாமியக் குடும்பங்களில் பெண்கள் ஆண்கள் முன்னிலையில் ஆடுவதை ஏற்காதோர் பலர். கத்தோலிக்கரிடையேயும் இந்துக்களிடையேயும் வயது வந்த பெண் ஆடுவதை விரும்பாதோர் உண்டு. இதை வாதிட்டு வெல்ல முயலக் கூடாது. பெண்களுக்குத் தனி இடமும் தனி அமர்வும் ஒதுக்கலாம். தொழுகை நேரத்திற்குப் பலகையில் வெற்றிடம் விடலாம். “ஆடல்” என்று சொல்லாமல் “அசைவு”, “வேலைப் பாங்கு”, “விளையாட்டு” என்று எழுதலாம். பள்ளிவாசல் நிருவாகத்தினருடனும் பங்குத் தந்தையுடனும் முன்கூட்டியே பேசி, அவர்களையும் வந்து பார்க்குமாறு அழையுங்கள். கலந்துகொள்ளாமல் ஓரமாக அமர்ந்து பார்ப்பவரும் பங்குபற்றுபவரே.

உடல் சில வேளைகளில் வாய் மறைத்ததைச் சொல்லிவிடும். கதிர் அறுக்கும் அசைவைச் செய்யும்போது, இறந்துபோன கணவருடன் வயலில் நின்ற நாள் நினைவுக்கு வந்து ஒரு தாய் அழக்கூடும். அவரை மேலும் பேசத் தூண்ட வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அருகில் ஒருவர் இருந்தால் போதும். இது மருத்துவம் அல்ல. பல மாதமாகத் தூக்கமின்றியும் அச்சத்துடனும் வாழ்பவர்களை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

போட்டியும் பரிசும் வேண்டாம். பரிசு என்றதும் தெரிந்தவர் மட்டும் ஆடுவர், மற்றவர் பார்வையாளராவர். அனுமதி கேளாமல் படம் எடுக்க வேண்டாம். உதவி நிறுவனத்தின் பதாகையும் வேண்டாம். பதாகை தொங்கினால், யாருக்காகக் கூடினோம் என்ற எண்ணமே மாறிவிடும். ஒருவரே எல்லாக் கட்டத்தையும் பிடித்துக்கொள்ள முயன்றால், ஒருவருக்கு ஓர் அமர்வு என்று வட்டமே முடிவு செய்யலாம்.

முக்கியமாக, 1990 பற்றியும் போர் பற்றியும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே ஆறாத புண்கள் உண்டு. ஒரு நாள் ஒன்றுகூடலால் அவை ஆறிவிடும் என்று எவரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் ஒருவர் அறுவடை வரிசையில் மற்றவர் இணைந்து நிற்பதற்கு, முதலில் எல்லாக் கணக்கும் தீர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. இரு சமூகத்தாரும் ஒரே ஆற்று நீரை நம்பி, ஒரே வகை மண்ணில் கமம் செய்தவர்கள். அவர்கள் உடல் அறிந்த வேலையும் பெரும்பாலும் ஒன்றுதான்.

இதனால் என்ன மிஞ்சும்?

ஆடியதால் காணி உறுதி கிடைக்காது. குளம் திருத்தப்படாது. அதற்கு விண்ணப்பமும் போராட்டமும் சட்டமும் வேண்டும். ஆனால் அந்த விண்ணப்பத்தை எழுதும் கூட்டத்தில் யார் வாய் திறக்கிறார்கள் என்று பாருங்கள். எமது கமக்காரர் அமைப்புகளிலும் மாதர் சங்கங்களிலும் பெரும்பாலும் அதே மூன்று நான்கு பேரே பேசுகிறார்கள். மற்றவர் கையொப்பம் இட்டுத் திரும்புகிறார்கள். அவர்களிடம் கருத்து இல்லாமல் இல்லை. பலர் முன்னிலையில் எழுந்து “இதை நான் நடத்துகிறேன்” என்று சொல்லிப் பழக வாய்ப்புக் கிடைக்கவில்லை.

சுளகு அசைவை முக்கால் மணி நேரம் நடத்திய ஒரு தாய், தாம் சொல்ல இருபது பேர் செவிமடுத்ததைத் தம் கண்ணால் கண்டவர். வாய்க்கால் தண்ணீர் பங்கிடும் கூட்டத்தில் அவருக்கு அது கைகொடுக்கும். அதே பலகையை அக்கூட்டத்திற்கும் பயன்படுத்தலாம். விதை நெல், யானைத் தொல்லை, கடன், காணிப் பத்திரம் என்று தலைப்புகளை மக்களே எழுதி ஒட்டி, தாமே தெரிவு செய்து பேசலாம். முறை ஒன்றே, பொருள் மட்டும் மாறுகிறது.

ஆகவே அன்பர்களே, அடுத்த அறுவடை முடிந்ததும் உங்கள் ஊரில் ஒரு வெறும் பலகையை மாட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து வளவாளர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு தாள், ஒரு பேனை, ஒரு மரநிழல், கூடி வர நாற்பது பேர் இருந்தால் தொடங்கிவிடலாம்.